துரும்பின் எடை

வாங்கக்கா, உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு. இங்க எல்லா வீட்டு நிலையும் தாழ்வுதான். நிமிர்ந்து நுழைய முடிஞ்சா காத்தும் நிமிர்ந்து நுழைஞ்சிடுமாம்.

கழுதையைக் கல்லுல கட்டினீங்களா, கம்புலயா? கல்லுலதானே? நல்லது. போன வருஷம் ஒரு உப்புக்காரர் கம்புல கட்டிட்டார். கழுதை கம்போட போயிடுச்சு. கீழ விழுந்திருக்கும்னு எல்லாரும் பள்ளத்துல தேடுறாங்க, அவர் மட்டும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறார். கொஞ்ச நேரம் தெரிஞ்சுது பாவம், காலை ஆட்டிக்கிட்டே.

சிரிங்க, பரவாயில்ல. நானும் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துடும், அதுக்கே இங்க நிறைய பேச்சு வாங்கியிருக்கேன்.

உக்காருங்க. அந்தக் கூடை மேல சாஞ்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது. கெட்டிக் கூடை, நானே முடைஞ்சது. அதுதான் உங்களுக்கு என் வீட்டு மெழுகு. நீங்க கொடுத்த உப்பு மூட்டை எடைக்குச் சரியா வச்சிருக்கேன். கூட ஒரு தேனீ றெக்கை இருக்காது, குறையவும் குறையாது. பக்கவாட்டுல ஓட்டையா இருக்கேன்னு பாக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் பண்ணின வேலை அது. புது வேலுக்கு முனை பாக்குறாராம், என் கூடையில குத்திக் குத்திப் பாத்திருக்கார். வீட்டுல வேற பொருளே இல்லாத மாதிரி. இந்தச் சட்டியில இருக்கிற மெழுகு உருகினதும் அடைச்சுக் கொடுத்துடுறேன். அதுவரைக்கும் இந்தக் கஞ்சியைக் குடிங்க.

நேரம் இருக்கு. குரங்குமூக்குப் பாறை மேல வெயில் வரணும், அப்புறம்தான் மலைவாசல் சாத்துவாங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

முந்தாநாள் நீங்க உப்பு அளக்கும்போது கழுதையை ஏதோ திட்டினீங்களே, "வெந்த வாயே"ன்னு? அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க ஊர்ப் பக்கம்தான் அப்படித் திட்டுவாங்க. கோரையூர் தெரியுமா? ஆத்துக்குத் தெக்கே, பாய் முடையுற ஊரு. தெரியுமா? அப்போ நெட்டியைத் தெரிஞ்சிருக்கும். படித்துறைக்கு எதிர் வீடு, பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுவா. அவதான்! என் தங்கச்சி அவ. நல்லாயிருக்காளா? குழந்தை இல்லையா இன்னும்? ஓ.

என் பேரு பஞ்சி. எங்க ஊர்ல லேசான பேரா வைப்பாங்க, நெட்டி, பஞ்சி, தக்கைன்னு. ஆத்துல விழுந்தா மிதக்கணும்ல. இங்க பேரைச் சொன்னதும் சிரிச்சாங்க பாருங்க! பஞ்சியாம், காத்து வந்தா என்ன பண்ணுவான்னு. இங்க பேரெல்லாம் கனம். எங்க வீட்டுக்காரர் பாறையன். பக்கத்து வீட்டுல உரல். எடை பாக்குற பெரியவர் பேரு எருமையார். என் பையனுக்கு உலக்கையன்னு வச்சாங்க. நான் துரும்புன்னு கூப்பிடுவேன். ரகசியமா.

எங்கயா? இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருப்பான். நாலு வயசு. ஒளியுறதுன்னா அவனுக்கு உயிரு.

நான் எப்படி இங்க வந்தேன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். இவர் படையோட கீழ வந்தார், எங்க ஊர்ல பாய் வாங்க நின்னார். ஒரு பாயை எடுத்து ஒரு நாழி நேரம் கையில வச்சுப் பாத்தார். "எவ்வளவு லேசா இருக்கு"ன்னார், கோயிலுக்குள்ள பேசுற குரல்ல. எனக்குப் பிடிச்சுப்போச்சு. யாரும் என்னைத் தூக்கிட்டு வரல. நானேதான் வந்தேன், கண்ணைக் கட்டிக்கிட்டு. உங்களுக்குக் கட்டுற மாதிரிதான் எனக்கும் கட்டினாங்க. ஆனா உங்களை அதே மாதிரி கட்டித் திரும்ப இறக்கி விட்டுடுவாங்க. இந்த வாள்கரட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ இறங்கக் கூடாது. வழி எதிரிக்குத் தெரிஞ்சிடுமாம். எனக்கு எங்க தெரியும் வழி? கண்ணைத்தான் கட்டிட்டீங்களேன்னு கேட்டேன். "மூக்கு இருக்கே"ன்னார் எருமையார். மலைவாசல் பக்கம்கூட இந்த ஊர்ப் பொம்பளைங்க போகக் கூடாது. ஆறு வருஷமா நான் வாசலைப் பாத்ததில்ல.

குறையா சொல்லல. சாப்பாடு இருக்கு, மரியாதை இருக்கு. இதோ பாருங்க இடுப்புல, இந்தக் கல்தான் எனக்குத் தாலி. தூக்கிப் பாருங்க. கனமா இருக்கா? கல்யாணத்தன்னைக்கு இவங்க அத்தனை பேரும் சுத்தி நின்னு கட்டிவிட்டாங்க. அறுப்பான் வீசும்போது இது இல்லாம வெளிய போனா அவ்வளவுதான். அறுப்பான்னு இந்தக் காத்துக்குப் பேரு. எட்டு மாசம் வீசும். இப்போ அடங்கியிருக்கிற மாதிரி இருக்குல்ல? இப்பவும் சாயங்காலம் ஒரு வீச்சு வரும், தினமும் வரும். குழந்தைகளை முளைக்கல்லுல கயித்தால கட்டித்தான் விளையாட விடுவோம். துரும்போட கயிறு அதோ, வீட்டு வாசல்ல கிடக்கு. நடுவுல நைஞ்சுபோயிருக்கா? ஆமாக்கா, கல்லுல தேய்ஞ்சிருக்கு.

அதனாலதான் இவங்களுக்கு எல்லாமே எடை. முகட்டுல காவல் நிக்கிறவனைக் காத்து அசைக்கக் கூடாது. அசைக்க முடியாதவன்தான் வீரன். உப்பை நிறுப்பாங்க, மெழுகை நிறுப்பாங்க, வேல் கம்பை நிறுப்பாங்க, செத்தவங்களைக்கூட நிறுத்துட்டுத்தான் புதைப்பாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? எதையும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. பிரிச்சுப் பாக்குறது நம்பாதவன் செய்யுறதாம், கேவலமாம். தராசு சொன்னா சொன்னதுதான். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் முதல்ல சொல்லிக்கொடுத்ததே, தராசு எடையைச் சொல்லும், பொருளைச் சொல்லாதுன்னு. இங்க பள்ளிக்கூடம் இல்ல.

நிறைநாள்னு ஒண்ணு உண்டு, காத்து அடங்கினதும் வரும். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கேடயம் இருக்கும், அந்த வீட்டுப் பாட்டனோடது. தராசுல ஒரு பக்கம் கேடயம், ஒரு பக்கம் குழந்தை. ரெண்டு வயசுல இருந்து வருஷா வருஷம் வைப்பாங்க. எந்த வருஷம் குழந்தை பக்கம் தாழுதோ, அந்த வருஷம் குழந்தையைக் காவல் பழக முகட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோயிடுவாங்க. ஆணோ பொண்ணோ. இருபது வயசுல திரும்பி வருவாங்க. கை கால் நல்லா, பாக்க லட்சணமா வருவாங்க, அதை இல்லன்னு சொல்லக் கூடாது.

எங்க வீட்டுக்காரரும் அப்படிப் போனவர்தான், மூணு வயசுல. அவர் அம்மா இங்க மூணு வீடு தள்ளித்தான் இருந்தாங்க, போன வருஷம் காலமானாங்க. ரெண்டு பேரும் பாதையில எதிர்ப்பட்டா நின்னு கும்பிட்டுக்குவாங்க, விருந்தாளி மாதிரி. ஒரு நாள் நான் கேட்டேன், "என்னங்க, உங்க அம்மா மடியில படுத்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?"ன்னு. "கயிறு ஞாபகம் இருக்கு. அவங்க முடிச்சு இறுக்கமா இருக்காது"ன்னார். அவ்வளவுதான். எழுந்து வெளிய போயிட்டார். இவங்க அப்படித்தான், கல்லுகிட்ட பேசுற மாதிரிதான் இவங்ககிட்ட பேசணும்.

என் பையன் பிறக்கும்போதே கொழுகொழுன்னு பிறந்தான். ஊரே வந்து தூக்கிப் பாத்துச் சந்தோஷப்பட்டுது. நான் மட்டும் சுவத்துல இருந்த கேடயத்தைத் திரும்பிப் பாத்தேன். ரெண்டு வயசு நிறைநாளுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, ஒரு கம்பு, ரெண்டு கூடை, நடுவுல கயிறு, வீட்டுக்குள்ளயே தராசு கட்டிட்டேன். வச்சுப் பாத்தா சரிக்குச் சரியா நிக்குது! இன்னும் ஒரு மாசம் கஞ்சி குடிச்சா தாழ்ந்திடும்.

என்ன பண்ணுவீங்க நீங்களா இருந்தா? கஞ்சியைக் குறைப்பீங்க. பக்கத்து வீட்டு உரல் பொண்டாட்டி அதைத்தான் பண்ணினா. அவ மக ஏழு வயசு வரைக்கும் வீட்டுலயே இருந்துச்சு, அப்புறம் ஒரு சாதாக் காத்துல போயிடுச்சு. கயிறு அறுந்துகூடப் போகல, இடுப்புல இருந்து நழுவிப் போச்சு. அவ்வளவு மெலிவு. நான் பையனைப் பட்டினி போட மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பையனைக் குறைக்க முடியாட்டி என்ன, பாட்டனைக் கூட்டிட்டா போச்சு!

கேடயத்தைத் துடைச்சு எண்ணெய் பூசுறது வீட்டுப் பொம்பளை வேலை. உள்பக்கம் ஒரு தோல் இருக்கும். ஓரத்துல தையலைப் பிரிச்சு, உள்ள ஒரு பூச்சு மெழுகு ஊத்தி, ஆறவிட்டு, திரும்பத் தச்சுட்டேன். முறம் அளவு கேடயம், விரக்கடை உயரம் ஏத்தினா எவ்வளவு கனம் கூடும் தெரியுமா? அந்த வருஷம் பையன் பக்கம் மேல நின்னுது. மறுவருஷம் இன்னொரு பூச்சு. இந்த வருஷம் ரெண்டு பூச்சு. தோல் புடைச்சுக்கிட்டு நிக்குது, சினைக் கெடாரி வயிறு மாதிரி.

வீட்டுக்காரருக்கா? அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர்தான் வருஷா வருஷம் அதைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போவார். மூணு வருஷமா கனம் கூடிக்கிட்டே போகுது, அது தெரியாத மனுஷன்! அவ்வளவு பலம். ஒரு வகையில வசதியாப் போச்சு எனக்கு. மெழுகுக்கும் குறைச்சலே இல்ல. ஐப்பசி வந்துட்டா போதும், பள்ளத்துல கயிறு கட்டி இறங்கி அடை அடையா எடுத்துட்டு வருவார். தேனை நாக்குல வைக்க மாட்டார், பிடிக்காது. எதுக்குங்க இவ்வளவுன்னு கேட்டா, "வீட்டுல மெழுகு இருக்கட்டும்"பார். விளக்கு ஏத்தக்கூட இவ்வளவு வேண்டாம்.

இருங்க, கிளறிட்டு வரேன். இன்னும் உருகல.

ஆறு நாளைக்கு முன்னாடி நிறைநாள். நீங்க வர்றதுக்கு முன்னாடி. துரும்பை ஒரு தட்டுல வச்சாங்க, கேடயத்தை ஒரு தட்டுல. கேடயம் பக்கம் டொம்முனு இறங்குச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இன்னும் ஒரு வருஷம் நம்ம கையிலடான்னு நினைச்சுக்கிட்டேன். அப்போ எருமையார் ஒண்ணு பண்ணினார். எப்பவும் பண்ணாதது. குனிஞ்சு கேடயத்தைத் தன் கையால எடுத்தார். அவர் சின்ன வயசுல எங்க வீட்டுப் பாட்டன்கூட முகட்டுல நின்னவராம். அதே கேடயத்தைப் பிடிச்சிருக்காராம். எடுத்துட்டு அப்படியே நிக்கிறார். ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தித் தூக்கிப் பாக்குறார். நான் நினைச்சேன், செத்தோம், இப்போ தோலைப் பிரிக்கப் போறார்னு.

எங்க பிரிச்சார்? கண்ணுல தண்ணி. "பாட்டன் வளர்றான்"ங்கிறார்! "அன்னைக்கு இருந்த கேடயம் இல்ல இது. பேரன் வளர வளரப் பாட்டனும் வளர்றான். நூறு வருஷத்துல நடக்காதது. கேடயம் இவனைத் தனக்குன்னு கேட்டிருக்கு"ங்கிறார்.

ஊரே கேடயத்தைத் தட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டிருக்கீங்களா? பல்லுல கேக்கும்.

அதனால எடைக்கணக்கு இவனுக்கு இல்லையாம். கொட்டில்கூட இல்லையாம். கடைமுகடுன்னு ஒண்ணு இருக்கு, எல்லாத்துக்கும் மேல. அங்க நிக்கிறவங்க இருபது வயசுல இல்ல, எப்பவுமே இறங்கி வர்றதில்ல. கேடயத்தையும் பையனையும் சேர்த்து அங்க ஏத்துறாங்க. நாளைக்கு மறுநாள் காலையில.

பாத்தீங்களா என் கெட்டிக்காரத்தனத்தை? நான் சும்மா இருந்திருந்தா இருபது வயசுலயாவது பாதையில நின்னு கும்பிட்டிருப்பான். இப்போ அதுவும் இல்ல. உண்மையைச் சொல்லிடலாம்னு பாத்தேன். மெழுகை எடுத்துட்டு நிறுத்தா பையன் பக்கம் தாழும், கொட்டிலுக்குப் போவான். அதோட பாட்டன் கேடயத்துல கைவச்சதுக்கு என்னைக் கல் இல்லாம முகட்டுல நிறுத்துவாங்க. சொன்னாலும் போவான், சொல்லாட்டியும் போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. ஒரு நாள் முழுக்க இந்த அடுப்பு முன்னாடி உக்காந்திருந்தேன், நெருப்பு இல்லாத அடுப்பு. அப்புறம் எழுந்து பானையைக் கழுவினேன். உக்காந்து என்ன ஆகப்போகுது?

கோவம் வர்றது எதுக்குன்னா, எங்க வீட்டுக்காரரை நினைச்சுத்தான். எல்லாரும் கேடயத்தைத் தட்டும்போது அவரும் தட்டினார் அக்கா. எல்லாரையும்விடச் சத்தமா. சரி, பெருமை, போகட்டும். பையன்கூட இருக்கிறதே இன்னும் ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளைக்கு எதுக்குப் போய் மலைவாசல் காவலைக் கேட்டு வாங்கணும்? அவர் முறைகூட இல்ல. வேற ஒருத்தன் முறையை, தன்னோட நல்ல வேல் ஒண்ணைக் கொடுத்து மாத்தி வாங்கியிருக்கார். இப்போ வாசல் தராசுகிட்ட நிக்கிறது அவர்தான். நீங்க போகும்போது பாப்பீங்க, நெத்தியில தழும்பு இருக்கும்.

நேத்துக் கொஞ்ச நேரம் வீட்டுல இருந்தார். பையனைத் தரையில உக்காரவச்சு, தரையில இருந்து மூக்கு வரைக்கும் சாண் போட்டுப் பாக்குறார். என்னங்க விளையாட்டு இதுன்னு கேட்டா, திரும்பவும் சாண் போடுறார். அப்புறம்தான் அந்தப் புது வேலை, வேல் கம்பை எடுத்துக்கிட்டு என் கூடைகிட்ட வந்தார். இன்னைக்குக் காலையில கிளம்பும்போதும் பையனைத் தூக்கினார், இறக்கினார், திரும்பத் தூக்கினார். எடை பாக்குறார்! சொந்தப் பிள்ளையை. ஒரு முத்தம் கொடுக்கத் தெரியாது. எடை பாக்கத் தெரியும்.

வெயில் எங்க இருக்கு? பாறை மூக்குக்கு வரல இன்னும். சரி.

அக்கா, இப்போ நான் கேக்கப் போறதுக்கு நீங்க முடியாதுன்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். கஞ்சியைக் குடிச்சுட்டுப் போங்க, அவ்வளவுதான்.

நீங்க சாஞ்சிருக்கிற கூடையைத் தட்டுங்க. மூணு தடவை.

கேட்டுச்சா? உள்ள இருந்து ஒரு தட்டு. கஞ்சி சிந்திடுச்சு, பரவாயில்ல, நான் துடைச்சுக்கிறேன். உக்காருங்க. எழுந்துக்காதீங்க, கூடை உருண்டுடும்.

மூட்டை விளையாட்டு அது. அஞ்சு நாளாப் பழக்குறேன். மூட்டை பேசாது, மூட்டை அசையாது, மூட்டைக்கு ஒண்ணுக்கு வராது. மூணு தட்டு தட்டினா ஒரு தட்டு. "மூட்டையை இறக்கு"ன்னு யாராவது சொன்னாத்தான் திரும்பப் பையன். நேத்து அரை நாள் இருந்துட்டான். என்னைவிடப் பொறுமை அவனுக்கு. இப்போ நான் பேசினது அத்தனையும் கேட்டிருப்பான், புரிஞ்சிருக்காது. துரும்பு, நல்ல மூட்டைடா நீ.

எடையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. இந்த மலையில இவன் எடை என்னைவிட யாருக்குத் தெரியும்? இவன், கூடை, காலடியில ரெண்டு கட்டி மெழுகு, மேல ஒரு பாய். சரியா உங்க உப்பு மூட்டை. பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. நிறுப்பாங்க, விடுவாங்க. மெழுகுல உங்களுக்கு நஷ்டம்தான், நெட்டிகிட்ட சொல்லி நல்ல பாயா வாங்கிக்கோங்க. அவகிட்ட "பஞ்சி ஒரு துரும்பு கொடுத்தா"ன்னு சொல்லுங்க, போதும். கஞ்சியில உப்புக் கூடினா இவனுக்கு ஆகாது. தூங்கும்போது ஏதாவது துணி முனையைப் பிடிச்சுக்கணும். கயிறு கட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அங்க கட்ட வேண்டாம்ல? மறந்தேபோச்சு.

பிடிபட்டாவா? பொய் சொல்ல மாட்டேன். பிடிபட்டா உங்களையும் கல் இல்லாம நிறுத்துவாங்க. நீங்க நல்ல கனமாத்தான் இருக்கீங்க, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பீங்க. சிரிக்காதீங்கக்கா, நான் பயத்துல பேசுறேன்.

நானா? நான் எப்படி வர்றது, மூட்டைக்குள்ள அடங்குற ஆளா நான்? அதோட இங்க ஒருத்தி இருக்கணும். சாயங்காலம் வீச்சு வரும். அந்தக் கயித்தை நான் ரெண்டு நாளாக் கல்லுல தேய்ச்சு வச்சிருக்கேன். இன்னும் ஒரு இழுப்புதான். அப்புறம் வெளிய ஓடிவந்து கத்துவேன். காத்து கொண்டுபோச்சுன்னா இங்க யாரும் மறுகேள்வி கேக்க மாட்டாங்க. மாசத்துக்கு ஒண்ணு போகுது. பாட்டன் கேட்ட பிள்ளையைக் காத்து கேட்டுடுச்சும்பாங்க. நல்லா அழணும், அதுதான் எனக்கு வருமான்னு தெரியல. என் மூஞ்சி சிரிச்ச மூஞ்சியாப் போச்சு.

வீட்டுக்காரர்கிட்டயும் அதையேதான் சொல்லணும். அவர் நம்புவார். கேடயம் கனம் கூடினதே தெரியாதவர்தானே.

மூடியா? மூடியை இறுக்க மாட்டேன், ஒரு பக்கம் விரல் நுழையுற அளவு விட்டுத்தான் வச்சிருக்கேன். மூச்சு முட்டாது.

என்ன?

தோலா? எந்தத் தோல்?

வாசல்ல நிறுத்ததும் ஒவ்வொரு கூடைக்கும் ஈரத்தோலை மேல போட்டு இழுத்துக் கட்டுவாங்களா? காஞ்சதும் இறுகிக்குமா? எனக்கு எப்படித் தெரியும், நான் வாசலைப் பாத்ததே இல்லையே! எதுவரைக்கும் வரும் தோல்? பாதிக் கூடை வரைக்குமா? கீழ ஆத்தங்கரை போறவரைக்கும் அவிழ்க்கக் கூடாதா? ரெண்டு நாழி ஆகுமே அக்கா. முடியாது. முடியாது, அவனை வெளிய எடுக்கிறேன். அப்போ மூச்சுக்கு எங்க போவான்? கெட்டிக் கூடைன்னு பெருமையா முடைஞ்சு வச்சிருக்கேனே, ஒரு ஊசிகூட நுழையாதே, இந்த ஓட்டையைத் தவிர...

இந்த ஓட்டை.

அக்கா, தோல் எதுவரைக்கும் வரும்னு சொன்னீங்க? கையால காட்டுங்க.

ஓட்டை அதுக்குக் கீழ இருக்கு. எல்லாமே கீழ இருக்கு. நல்லாப் பாருங்க, ஒரே உயரத்துல, வரிசையா. முனை பாக்குறவன் வரிசையாவா குத்துவான்? துரும்பு, உன் மூக்கு எங்க இருக்குடா? விரலை நீட்டு. இந்தா, வந்துடுச்சு. ஓட்டையிலதான் வந்துடுச்சு.

சாண் போட்டுப் பாத்தாரே.

ஆறு வருஷமா ஒரு ஆள் பக்கத்துல படுத்திருக்கேன். தேனே தின்னாத மனுஷன் எதுக்கு அவ்வளவு அடை கொண்டுவந்தார்? ஒரு தடவைகூட நான் ஏன்னு யோசிக்கல. மூணு வருஷம் தோள்ல சுமந்தவருக்குக் கனம் தெரியாதுன்னு நான்தான், நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கூடையைப் பாத்தார், அதுல என்ன வைக்கப் போறேன்னு தெரிஞ்சிருக்கு. வாசலுக்குப் போயிட்டார். வேற எவனும் தூக்கக் கூடாதுன்னு. வேற எவன் தூக்கினாலும் மெழுகு கனமும் பிள்ளை கனமும் கையில வேறயாத் தெரிஞ்சிடும்.

காலையில அவர் பாத்தது எடை இல்லக்கா.

இல்ல, நான் அழல. அடுப்புப் புகை. சாயங்காலத்துக்கு வராதோன்னு பயந்தேனே, வந்துடும் போல.

இந்தச் சட்டியை இறக்கிடுறேன். நல்லவேளை உருகல. உருகியிருந்தா நீங்க கஞ்சி குடிக்கும்போதே அடைச்சிருப்பேன், என் கையாலேயே.

வெயில் மூக்குக்கு வந்துடுச்சு. எழுந்திருங்க. கழுதையோட இடப்பக்கம் கட்டுங்க, அந்தப் பக்கம் பாறை உரசாது, ஏறி வரும்போது தோள்ல பட்டது ஞாபகம் இருக்கு. ஓட்டை உள்பக்கம் திரும்பிடாம வச்சுக்கோங்க. துரும்பு, விரலை உள்ள இழு. மூட்டைக்கு விரல் கிடையாது. அப்படித்தான். இனிமே பேச்சு இல்ல.

ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், தூக்குங்க. இருங்க, இருங்க. சரி, போதும், தூக்குங்க.

வாசல்ல அவர் "என்ன மூட்டை?"ன்னு கேப்பார். மெழுகுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். நான் கேட்டேன்னும் சொல்லாதீங்க, அழுதேன்னும் சொல்லாதீங்க. தராசுல இருந்து தூக்கினதும் உடனே இறக்க மாட்டார், கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருப்பார். பின்னாடி ஆளுங்க நிப்பாங்க, வெயில் ஏறும், உங்களுக்குப் படபடப்பா இருக்கும்.

அப்போ மட்டும் அவரை அவசரப்படுத்தாதீங்கக்கா.